சவரியண்ணன் எடுத்த ஸ்லிம் ஸ்பீக்கர்

எங்கள் பிரஸ் ஷாப்பில் சவரியப்பனின் காதுக்குத் தனி மரியாதை இருந்தது. பத்து பிரஸ்கள் ஒரே நேரத்தில் தகடு அடித்துக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவே நின்று, மூன்றாவது மெஷினில் டை விரிசல் விடப்போகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். நிறுத்திப் பார்த்தால் தகட்டுக்கு உருவம் கொடுக்கும் அந்த இரும்பு அச்சில் மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடியிருக்கும். சூப்பர்வைசர் அவர் முதுகில் தட்டிவிட்டுப் போவார். அதற்கு மேல் யாரும் எதுவும் தந்ததில்லை.

காதில் செருகிக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுப்பார்கள். ஆபீசர் தலை தெரிந்தால் செருகுவோம், போனதும் எடுத்துவிடுவோம். அடைத்துக்கொண்டால் டை பேசுவது கேட்காது என்பது சவரியண்ணன் கட்சி. டை உடைந்தால் மெமோ வரும். காது உடைந்ததற்கு யாருக்கும் மெமோ வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வருடத்துக்கு ஒரு முறை மெடிக்கல் ரூமில் காது டெஸ்ட். கண்ணாடி வைத்த பெட்டி அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார்கள். 'கீ' என்று சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸ் சாந்தம்மா சத்தம் கொடுப்பார். தேறாதவனை பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள். பேக்கிங் போனவன் பெயர்தான் விருப்ப ஓய்வு லிஸ்டில் முதலில் வரும் என்று கேன்டீனில் பேச்சு. அதனால் யாரும் தேறாமல் போகத் துணிவதில்லை.

எப்படித் தேறுவது என்று சவரியண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்த புத்திசாலி நான்தான். சாந்தம்மா சத்தம் கொடுக்கும்போது அவர் வலது தோள் கொஞ்சம் இறங்கும். அதைப் பார்த்து, மனசுக்குள் ஒன்று எண்ணி, அழுத்த வேண்டும். உடனே அழுத்தினால் சந்தேகம் வரும். இருபத்திரண்டு வருடம் நாங்கள் இரண்டு பேரும் இப்படித்தான் 'நார்மல்' வாங்கினோம். வாங்கிவிட்டு கேன்டீனில் டீ குடித்துச் சிரித்தோம். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

போன வருடம் அவர் ஓய்வு பெற்றார். அவர் மகள் பெனிஷா கம்பெனி பஸ்ஸில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவள், சர்ச் பாடற்குழுவில் பாடுகிறவள். கிறிஸ்துமஸ் அன்று முதல் முறையாகத் தனியாக ஒரு பாட்டுப் பாடினாள். சவரியண்ணன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். டிரம்ஸும் கீபோர்டும் கேட்டதாம், மகள் வாய் அசைந்ததாம், பாட்டு மட்டும் வரவில்லையாம். மைக் செட்காரனைத் திட்டாத நாளில்லை. பென் டிரைவில் பதிந்து கொடுத்ததை போனில் போட்டுப் பார்த்துவிட்டு போனையும் திட்டினார். கடைசியில் ஹோம் தியேட்டர் வாங்குவது என்று முடிவானது.

அவருக்குப் பெரிய பெட்டி ஸ்பீக்கர் வேண்டும். மூக்கண்டப்பள்ளியில் அவர்கள் வீட்டு ஹாலோ நாலு நாற்காலி போட்டால் நிறைந்துவிடும். மாதா படத்துக்குப் பக்கத்தில் பெட்டி கிட்டி வைத்தால் தூக்கி வெளியே எறிவேன் என்று அவர் மனைவி அன்னமேரி சொல்லிவிட்டார். சுவரோடு ஒட்டி நிற்கிற ஸ்லிம் ஸ்பீக்கர் என்றால் சம்மதம். சவரியண்ணன் என்னையும் கடைக்குக் கூப்பிட்டார்.

"முத்து, நீயும் வா. எம் புள்ள கொரலை ஒரு தடவை சுத்தமா கேட்டுடணும். வேற ஒண்ணும் வேணாம்."

பாகலூர் ரோட்டில் ஒரு கடை. மாதேஷ் என்ற பையன் பொறுமையாக விளக்கினான். ஸ்லிம் ஸ்பீக்கருக்குள் இடம் குறைவு, அதனால் கனமான ஒலியெல்லாம் கீழே வைக்கிற வூஃபர் பெட்டியிலிருந்து வரும், பாடுகிற குரல் சுவரில் இருக்கிற மெல்லிய ஸ்பீக்கரில் வரும் என்றான். கூட வந்திருந்த பெனிஷா தன் பென் டிரைவைக் கொடுத்தாள். முதலில் பெட்டி ஸ்பீக்கரில் போட்டான். எனக்குப் பாதிக் காதுதான், இருந்தாலும் அந்தக் குரல் கேட்டது. நல்ல குரல்.

சவரியண்ணன் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. ரிமோட்டில் இருந்த மாதேஷின் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப ஸ்லிம்முக்கு மாத்திட்டேன் சார். எப்படி இருக்குது?"

பாட்டு நின்றுபோனது எனக்குத் தெரிந்தது. சவரியண்ணன் மனசுக்குள் ஒன்று எண்ணுவதும் தெரிந்தது. எண்ணி முடித்து, "இதுதான். ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா கேக்குது. இதையே குடுங்க" என்றார். பழக்கதோஷம், அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நானும் தலையாட்டினேன்.

மாதேஷ் பின்னால் குனிந்து பார்த்தான். "சாரி சார், ஸ்பீக்கர் ஒயரே மாட்டலை. இன்னும் சத்தம் வரலைங்க."

சவரியண்ணன் அவன் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு, விளையாட்டுக்குச் சொன்னதாகச் சிரித்தார். பெனிஷா சிரிக்கவில்லை. அந்த ஸ்லிம் ஸ்பீக்கரையே பில் போடச் சொன்னாள். பிறகு வண்டி நிறுத்தும் இடத்தில் என்னைத் தனியாகப் பிடித்து, எத்தனை வருஷமாக இப்படி என்று கேட்டாள். தோள், எண்ணிக்கை, டீ எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சவரியண்ணனைப் பார்த்த டாக்டர், காது நரம்பு போய்விட்டது என்றார். காதில் மெஷின் வைத்தால் எதிரில் நின்று பேசுவது கொஞ்சம் பிடிபடும், பாட்டெல்லாம் எதிர்பார்க்காதீர்கள் என்றார். பெனிஷா நேராக எங்கள் கம்பெனிக்குப் போனாள். என் அப்பா காதை நீங்கள்தான் வாங்கிக்கொண்டீர்கள், அதை எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அவர்கள் காபி கொடுத்து ஃபைலை எடுத்துக் காட்டினார்கள். இருபத்திரண்டு நார்மல், ஒவ்வொன்றுக்கும் கீழே சவரியண்ணனின் கையெழுத்து. அந்த ஷாப்பில் இன்னொருவருக்கு இப்படி இருந்தால் கட்டாயம் விசாரிக்கிறோம் என்று மரியாதையாக அனுப்பிவைத்தார்கள்.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்தாள். இந்த வருட டெஸ்ட் எனக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நீங்க ஒருத்தராவது பாக்காம அழுத்துங்க சித்தப்பா. அது போதும்."

சத்தியம் செய்துதான் அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். முதலில் இரண்டு சத்தம் கேட்டது, அழுத்தினேன். பிறகு ஒன்றும் இல்லை. என் மூச்சு மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இன்னும் இரண்டு வருட சர்வீஸ் ஞாபகம் வந்தது. பேக்கிங் ஞாபகம் வந்தது, அந்த லிஸ்ட்டும். கண்ணைத் திறந்தேன். சாந்தம்மாவின் தோள் இறங்கியது. ஒன்று எண்ணினேன்.

வெளியே வந்ததும் சாந்தம்மா, "இந்த வயசுக்கு நல்ல காதுங்க" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் சவரியண்ணன் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், அதற்கும் துணிச்சல் இல்லை. ஸ்லிம் ஸ்பீக்கர்கள் மாதா படத்துக்கு இரண்டு பக்கமும் அழகாக நின்றன. பெனிஷாவின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சவரியண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துத் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பெனிஷா வாசலுக்கு வந்து, என்ன ஆச்சு என்று கண்ணாலேயே கேட்டாள்.

"எனக்கு எல்லாம் கேட்டுச்சும்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே ரிமோட்டை எடுத்துப் பாட்டை நிறுத்தினாள். சவரியண்ணன் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.