கண்ணாடி அலுமாரிக்குள் என் பாஸ்போர்ட்

தொண்ணூறுகளின் நடுவில் பலெர்மோவில், லிபெர்த்தா பகுதியில், தனியாக வாழ்ந்த ஒரு இத்தாலியரின் வீட்டில் வேலை செய்தேன். ஐயா என்பதுபோல் அவரைச் சிஞ்ஞோரே என்று கூப்பிடுவேன். அவருக்கு மனிதர்களை அவ்வளவாகப் பிடிக்காது, கண்ணாடியைப் பிடிக்கும். அதுவும் சிரியாவிலும் எகிப்திலும் எழுநூறு வருஷங்களுக்கு முன்னர் செய்த கிண்ணங்கள். தேன் நிறக் கண்ணாடி, மேலே தங்கப்பூச்சு, நீலமும் சிவப்புமாக எனாமலில் எழுதிய அரபு எழுத்துகள். இவ்வளவு காலம் உடையாமல் வந்து சேர்ந்ததே என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கிண்ணங்களோடு பூட்டிய அலுமாரிக்குள் என் பாஸ்போர்ட்டும் கிடந்தது. என்னை வேலைக்குப் பதிவு செய்ய வேண்டும் என்று வாங்கியவர், ஊர் முழுக்கக் கள்ளர், இங்கேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டார். கள்ளர் யார் என்று எனக்கு அப்போதே சந்தேகம். வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கியது. பாஸ்போர்ட் இல்லாமல் போனால் அனுமதி தரும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அனுமதி முடிந்தால் நான் நாட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். கேட்டால் நாளைக்கு என்பார். தூசு தட்டும்போது அலுமாரியின் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்ப்பேன். ஒரு மூலை மட்டும் தெரியும். அது என்னுடையதுதானா என்றுகூடச் சந்தேகம் வந்துவிட்டது. அவருக்கும் என்மேல் சந்தேகம்தான். நான் திறக்கிறேனா என்று அறிய, கதவிடுக்கில் தன் நரைமயிர் ஒன்றை ஒட்டி வைத்திருந்தார்.

பலெர்மோவின் கால்சா பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த மச்சாளுக்கு இது பகிடி. “அந்த மனுசன் உன்ரை பாஸ்போர்ட்டையும் சேர்த்து வைக்கிறான் போல. பழசானால் விலை கூடுமெல்லோ,” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிஞ்ஞோரேக்கு ஒரு கூட்டாளி இருந்தார். அவரும் கண்ணாடிப் பைத்தியம். ஆனால் ஒருவரை ஒருவர் துளியும் நம்பமாட்டார்கள். கையில் கொடுத்தால் போலியை மாற்றி வைத்துவிடுவார் என்று இவருக்குப் பயம். ஒட்டுப்போட்ட பக்கத்தைத் திருப்பி மறைப்பார் என்று அவருக்குப் பயம். ஆகவே ஜன்னல் வெளிச்சத்தில் கிண்ணத்தைத் தூக்கிப் பிடிக்கிற வேலை எனக்கு வந்தது.

அன்று கூட்டாளி வாங்குகிற எண்ணத்தோடு வந்திருந்தார். சிஞ்ஞோரே அலுமாரியைத் திறந்து ஒரு கிண்ணத்தை என் கைகளில் வைத்தார். இருவரும் குனிந்து, கண்ணாடிக்குள் இருந்த குமிழிகளை ஆராய்ந்தார்கள். முடிந்ததும் சிஞ்ஞோரே அதை மேசையில் வைக்கச் சொன்னார். நான் வைக்கவில்லை.

“முதல் என்ரை பாஸ்போர்ட்டைத் தாங்கோ. பிறகு வைக்கிறன்.” எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில் இதைத்தான் சொன்னேன்.

மிரட்டும் எண்ணம் எனக்கு இல்லை, கிண்ணம் மட்டும் என் கையில் இருந்தது. அதைப் பார்த்து அவர் முகம் வெளிறியது. சிஞ்ஞோரே பாஸ்போர்ட்டை எடுத்து வந்து நீட்டினார். என் இரண்டு கையிலும் கிண்ணம். அவரே அதை என் ஏப்ரன் பைக்குள் செருக வேண்டியதாயிற்று.

கிண்ணத்தை மேசையில் வைத்தேன். எங்காவது சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று அவர் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். நானும் அவர் முன்னாலேயே நின்று, பாஸ்போர்ட்டைத் திறந்து, படத்தில் இருப்பது நான்தானா என்று பார்த்தேன். பிறகு ஒரு பக்கமும் விடாமல் புரட்டினேன்.