கை வைத்துப் பார்த்த பிறகுதான்

எங்கள் முதலாளி தியோ பீ லியான் அக்காவுக்கு இடது கையில் இரண்டு விரல்தான். மற்ற மூன்றையும், சின்ன வயதில் புக்கிட் மெர்தாஜாம் ஊரில் கூலிக்கு நின்ற ஆலையில், தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் தின்றுவிட்டது. "கவனம் இல்லாத பெண்" என்று மேலாளர் எழுதிக் கொடுத்துக் கணக்கை முடித்து அனுப்பினானாம்.

அந்த ஆத்திரத்தில்தான் அக்கா பட்டறை போட்டார். தகரக் கொட்டகை, ஒரு பழைய லேத். தகட்டை மனிதக் கைக்குப் பதில் தானே எடுத்துக் கொடுக்கும் இரும்புக் கை ஒன்றைச் செய்தார். ஆட்கள் தேடி வந்து வாங்கினார்கள். இன்று பாயான் லெப்பாஸ் வட்டாரத்துக் கம்ப்யூட்டர் சிப் ஆலைகளுக்கு, முழு வேலையையும் தானாகச் செய்யும் மெஷின்களே எங்களிடமிருந்து போகின்றன. வயரிங் என் பொறுப்பு.

ஒரு வழக்கம் மட்டும் மாறவில்லை. எந்த மெஷினும் லாரி ஏறும் முன், ஓடும்போதே அதன் கதவைத் திறந்து அக்கா அந்த இடது கையை உள்ளே நீட்டுவார். கதவு திறந்த மறுகணம் மெஷின் நிற்க வேண்டும்.

அவர் பெற்ற பிள்ளை சூன் கியாட் போன மாதம் செய்த காரியத்தைக் கேளுங்கள். வாங்குகிறவனுக்கு வேகம் வேண்டுமாம்; கதவு திறக்கும்போதெல்லாம் நின்றால் நேரம் போகுமாம். எனக்கும் சொல்லாமல், கதவு சென்சாரில் காந்தத் துண்டை டேப் போட்டு ஒட்டிவிட்டான். இனிக் கதவு திறந்தாலும் மூடியிருப்பதாகவே மெஷின் நினைக்கும். பாவி! அம்மா வெளியூரில் இருக்கும்போதே அனுப்பிவிடலாம் என்று கணக்கு.

அக்கா ஒரு நாள் முன்னதாக வந்துவிட்டார். நேரே போய், ஓடிக்கொண்டிருந்த அந்த மெஷினின் கதவைத் திறந்தார். திறப்பதும் கை நீட்டுவதும் அவருக்கு ஒரே வீச்சு.

"அம்மா, வேணாம்!" சூன் கியாட் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தான். உள்ளே பிரஸ் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஏன்டா நிக்கல?"

"காந்தம் வச்சிருக்கேன்மா... எல்லாரும் செய்றதுதான்."

"என் கைன்னா பாய்ஞ்சு புடிக்கிற. அங்க நிக்கப்போற பொண்ணு கைய எவன்டா புடிப்பான்? கவனம் இல்லாத பொண்ணுன்னு நீயும் எழுதிக் குடுப்பியா?"

எனக்கு அவனை அறையத் தோன்றியது. அக்கா டேப்பைப் பிய்த்துக் காந்தத்தை வீசினார். கதவை மூடி மெஷினை மறுபடி ஓட்டினார்.

"இப்ப நீ வை."

சூன் கியாட் கதவைத் திறந்து கையை நீட்டினான். மெஷின் நின்றுவிட்டது. அவனே கதவை மூடி ஓட்டி, இன்னொரு தடவை திறந்து கையை நீட்டினான்.