கொடுவாத் தலையும் பெரிய ரவுட்டரும்

மாமியார் வீட்டில் கொடுவா மீன் வாங்கினால் தலை மூத்த மாப்பிள்ளைக்குத்தான். அந்த மூத்த மாப்பிள்ளை நான். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அது. ஆபீசில் இன்னும் சேர்ந்த அன்று கொடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தத் தலைதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலையின் தட்டுக்குப் போயிற்று.

சகலை நெடுங்காட்டில் வாத்தியார். லீவு நாளில் பொழுதுபோக்காகத் தச்சு வேலை செய்வார். நானும்தான் செய்வேன், ஆனால் நான் செய்த முக்காலியில் இதுவரை யாரும் தைரியமாக உட்கார்ந்ததில்லை. கட்டையைச் செதுக்கும் ரவுட்டர் மிஷினுக்கு அவர் ஒரு மேசை செய்து வைத்திருந்தார். பலகையில் ஓட்டை போட்டு, அடியில் மிஷினைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்பார். அதன் வெட்டும் அலகான பிட் மட்டும் சுழன்றுகொண்டே மேலே எட்டிப் பார்க்கும். கட்டையை அதில் உரசித் தள்ளினால் விளிம்பு வழவழவென்று வளைந்து வந்துவிடும். அதில் ஒரு மசாலா அலமாரி செய்து மாமியாருக்குக் கொடுத்தார். மீன் தலை இடம் மாறியது அன்றைக்குத்தான்.

"மூத்தவருக்கு நடுத்துண்டு வைம்மா, முள்ளில்லாம சாப்புடட்டும்" என்றார் மாமியார் என் மனைவியிடம். பல் முளைக்காத பிள்ளைக்குச் சொல்வதைப் போல.

வயிறு எரிந்தது. குழம்பின் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அதே சூட்டில், "உங்க பாத்திர அலமாரிக்கு நான் கதவு செஞ்சு தரேன் அத்தை" என்று வாயை விட்டுவிட்டேன்.

மறுநாளே நாகப்பட்டினத்தில் ஒரு கடைக்குப் போய் ரவுட்டர் கேட்டேன்.

"கையில புடிச்சு ஓட்டவா, மேசைக்கா சார்?"

"மேசைக்கு."

"அப்பச் சின்னதே போதும். திருகுனா பிட்டு ஏறும், இறங்கும்."

"என் சகலைகிட்ட இருக்கறதும் அதானே?"

"பெரும்பாலும் அதான் சார் வாங்குவாங்க."

"அப்ப அது வேணாம். இருக்கறதுலயே பெரிசா எடுங்க."

இரண்டு கைப்பிடி, உள்ளே ஸ்பிரிங், கைக்குழந்தை கனம். தருமபுரத்தில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து, சகலையைப் பார்த்து நானும் ஓட்டை போட்ட ஒரு மேசையில் தொங்கவிட்ட பிறகுதான் வினை புரிந்தது. மேலிருந்து கீழே அமுக்கி ஓட்டுவதற்குச் செய்த மிஷின் அது. தலைகீழாக மாட்டினால் ஸ்பிரிங் கீழே தள்ளுகிறது, கனமும் கீழே இழுக்கிறது. பிட்டை நெல் அளவு உயர்த்த வேண்டுமென்றால்கூட நான் தரையில் மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலால் மிஷினை முட்டுக் கொடுத்துக்கொண்டு, உயரம் இறங்காதபடி அதன் பூட்டை இறுக்க வேண்டும்.

"ஏங்க, மேசைக்கு ஆயில் மாத்துறீங்களா?" என்றாள் மனைவி.

நான் அந்தக் கோலத்தில் கிடந்தபோதுதான் சகலை வந்தார். சிரிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், மனிதர் மிஷினைச் சாமி கும்பிடுவது போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே, இதுக்கு ரொம்ப நாளா ஏங்கிட்டிருக்கேன். என்னுதை எடுத்துக்கிட்டு இதைத் தருவீங்களா?"

உள்ளுக்குள் குதித்தேன். வெளியே, "உங்களுக்காகத் தரேன்" என்று தியாகி முகம் காட்டினேன்.

சகலையின் சின்ன மிஷின் என் மேசையில் விரலால் திருகியதும் ஏறியது. கதவின் நான்கு விளிம்பையும் நானே வளைத்தேன். முகப்பு மொட்டையாக இருக்கிறதே என்று சகலை பெரிய மிஷினை இரண்டு கையாலும் பிடித்து, மேலிருந்து அமுக்கி, ஒரு கொடியும் நடுவில் தாமரையும் இறக்கிவிட்டார். அதைப் பார்த்த பிறகு என் விளிம்பை எவன் பார்ப்பான்?

கதவு மாட்டிய அன்று கொடுவா வந்தது. மாமியார் தாமரையைத் தடவிப் பார்த்தார். தலையை ஏந்திய கரண்டி சகலை பக்கம் திரும்பியது. பொறுக்க முடியவில்லை.

"அத்தை, அது என் மிஷின்!"

"அப்படியா மாப்ள? அடுத்த தடவை அதையும் கூட்டிட்டு வாங்க, அதுக்கும் ஒரு தட்டுப் போட்டுடலாம்."

சகலைக்குப் புரையேறியது. நான் முள்ளில்லாத நடுத்துண்டைத் தின்றேன். இத்தனை நாள் சகலையைப் பார்த்துத்தான் எரிந்தேன். இப்போது நானே காசு கொடுத்து வாங்கிய மிஷினையும் பார்த்து எரிகிறேன்.