அக்காவுக்கு வாங்கிப்போன மிளகாய்

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த மாமாவின் மெஸ்ஸைக் கொரோனா மூடிவிட்டது என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். செய்தியாக எழுதினால் அந்த ஒரு வரி போதும். ஆனால் அந்த வரியில் பாதிதான் உண்மை.

மாமா என் அக்காவின் கணவர். கல்லாவில் அவர் இருப்பார். உள்ளே அடுப்பில் அக்கா. பரிமாறுவது, பார்சல் கட்டுவது, வருகிறவர்களிடம் குடும்ப நலம் விசாரிப்பது எல்லாம் மாமாவின் கூட்டாளி. இருவரும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். அவர் மாமாவை மச்சான் என்பார், அக்காவைத் தங்கச்சி என்பார். கூட்டம் வந்தது மீன் குழம்புக்காக. அக்கா அதற்கான பொடியைக் கடையில் வாங்கியதே இல்லை. தானே வறுத்து அரைப்பாள்.

ஊரடங்கு வந்தபோது நான் கடலூரில் ஒரு நாளிதழின் நிருபர். மூடிய உணவகங்களைப் பற்றி நிறைய எழுதினேன். மாமாவின் தெருவிலும் பரோட்டா கடை, டீக்கடை, லாட்ஜின் சாப்பாட்டுக்கூடம் எல்லாம் ஷட்டரை இறக்கியிருந்தன. சில வாரம் கழித்து மதுக்கடையைத் திறந்தார்கள், அதை ஒட்டிய பாரைத் திறக்கவில்லை. வாங்கியவர்கள் மெஸ்ஸின் பின்சுவரோரம் நின்று குடித்துவிட்டு, பிளாஸ்டிக் டம்ளர்களை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள். பாரை ஏலம் எடுத்தவர் தினமும் வந்து அந்த டம்ளர்களைப் பார்த்துவிட்டுப் போவதாக மாமா சொல்லிச் சிரித்தார்.

மாமாவுக்குச் சர்க்கரை ஜாஸ்தி. வெளியே போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்சலுக்கு அனுமதி இருந்ததால் மெஸ்ஸின் கைபேசியைக் கூட்டாளியிடம் கொடுத்து, ஆர்டர் வந்தால் அவர் வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கச் சொன்னார். கூட்டாளியின் வீடு காட்டுமன்னார்கோயில் சாலையில் இருந்தது. கொல்லைப்புறத்தில் ஒரு ஷெட்டும் உண்டு. கொஞ்ச நாளில் கூட்டாளி பேசினார். யாரும் கேட்பதில்லை, அதனால் நிறுத்திவிட்டேன் என்றார். மாமா நம்பினார். நானும் நம்பினேன். ஊரெல்லாம் அப்படித்தானே இருந்தது.

அந்த மாதங்களில் அக்கா அடிக்கடி என்னைக் கூப்பிட்டாள். என் வண்டியில் பத்திரிகை ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததால் வழியில் போலீஸ் நிறுத்தினாலும் விட்டுவிடுவார்கள். கடலூர் முதுநகரில் அவளுக்குப் பிடித்த ஒரு மளிகைக் கடை. அங்கேதான் மிளகாயும் தனியாவும் வாங்க வேண்டும். "தெருவுல நாலு வூட்டுக்கும் சேத்து வாங்கியாடா. இங்க கடையில கெடக்கறதெல்லாம் வண்டு புடிச்சது" என்பாள். கடையின் பெயர் அச்சிட்ட துணிப்பைகளில் வாங்கிப்போய் வாசலில் வைப்பேன். மிளகாய் மாடியில் காய்வதை மாமாவும் பார்த்தார். அக்கம்பக்கத்துக்கு உதவுகிறாள் என்று பெருமையாகச் சொன்னார்.

ஒன்றைக் கவனித்தேன். அக்காவின் முகம் தெளிந்திருந்தது. கை முழுக்க இருந்த எண்ணெய்க் கொப்புளங்கள் ஆறியிருந்தன. பட்டப்பகலில் உட்கார்ந்து டிவி பார்க்கிற அக்காவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஓய்வு என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவுக்கு வேறு பேச்சே இல்லை. எப்போது உட்கார வைத்துப் பரிமாறவிடுவார்கள் என்று தினமும் என்னிடம் கேட்பார், நான்தான் அரசாங்கம் என்பதுபோல. அனுமதி வந்ததும் சுவருக்கு வெள்ளை அடித்தார். மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டார். காலால் மிதித்தால் கையில் சானிடைசர் விழுகிற ஸ்டாண்டு ஒன்றை வாசலில் வைத்து, தானே மிதித்து மிதித்துப் பார்த்தார்.

திறந்த அன்று நான் போயிருந்தேன். அக்கா சமைத்துவைத்தாள். கூட்டாளிக்குக் காய்ச்சல், வரவில்லை. சாப்பாட்டு நேரம் வந்தது. வெளியூர்ப் பயணிகள் சிலர் வந்தார்கள். பழைய முகம் ஒன்றுகூட இல்லை. கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், பல வருட வாடிக்கை, சைக்கிளில் கடந்து போனார். மாமா வாசலுக்குப் போய்க் கூப்பிட்டு, எங்களை மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். அவர் காலை ஊன்றி நின்றார்.

"என்னங்க இப்பிடிக் கேக்கறீங்க. டெய்லி ஒங்க கொழம்புதான வூட்டுக்கு வருது. நேத்துகூட வந்துச்சே."

மாமா முதலில் சிரித்தார். எந்த நம்பரில் ஆர்டர் சொல்கிறீர்கள் என்று கேட்டார். அவர் கைபேசியை எடுத்துக் காட்டினார். மெஸ்ஸின் நம்பர்தான்.

மாமா கல்லாவுக்குத் திரும்பி உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, நீ பேப்பர்காரன். போய்ப் பாத்துட்டு வா. சண்ட கிண்ட போடாத. பாத்தத வந்து சொல்லு, போதும்."

வீட்டுக்குப் போனபோது கூட்டாளி என்னைப் பார்த்து ஒளியவில்லை. காய்ச்சலும் இல்லை. நாற்காலி எடுத்துப் போட்டார். ஷெட்டில் பெரிய அடுப்புகள் எரிந்தன. பார்சல் டப்பாக்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அந்த வாசனையில் வளர்ந்தவனுக்கு அது யார் கைப்பொடி என்று தெரியும். ஆனால் வாசனையை ஆதாரமாக எடுத்துக்கொள்ள என் தொழில் என்னை விடாது. அப்போது சுவர் ஆணியில் மடித்து மாட்டியிருந்த துணிப்பைகளைப் பார்த்தேன். முதுநகர்க் கடையின் பெயர். நான் வண்டியில் மாட்டிக்கொண்டு வந்த பைகள்.

என் கண் போன இடத்தை அவரும் பார்த்தார். "தம்பி, நான் திருடலப்பா. தங்கச்சியக் கேளு" என்றார்.

நான் திரும்பி வந்தபோது மெஸ்ஸில் யாரும் இல்லை. மாமா நிமிர்ந்து பார்த்தார். நான் எப்படித் தொடங்குவது என்று யோசிப்பதற்குள் அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அடுக்களையிலிருந்து வந்து நின்றாள்.

"நாந்தாங்க பொடி அரச்சுக் குடுத்தேன். ஃபோனு அவருகிட்டயே இருக்கட்டும்னதும் நாந்தான்."

"ஏன்?" என்றார் மாமா.

"எனக்கு இந்த அடுப்புக்கிட்டத் திரும்பி வர வேணாம்."

மாமா மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"முடியலன்னு சொன்னேன். அடுப்படியில ஸ்டூல் வாங்கியாந்து போட்டீங்க."

மாமா என் பக்கம் திரும்பினார். "மொளகா நீதான வாங்கியாந்த?"

தெருவுக்கு என்றுதான் என்னிடமும் சொன்னாள் என்றேன். அதே பொய்யை அவரும்தான் நம்பியிருந்தார். நானும் ஏமாந்திருக்கலாம் என்பதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "எவன் வூட்டுல என்ன நடக்குதுன்னு ஊருக்கே எழுதற. ஒனக்குத் தெரியாதா மாப்ள" என்றார். குரலை உயர்த்தவில்லை. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவனுக்குத் தெரியாது என்று அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை.

அந்த வாரமே மாமா மெஸ்ஸைக் காலி செய்தார். இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். கூட்டாளி சொந்தப் பெயரில் ஹோட்டல் வைத்துவிட்டார். ஒரு கல்யாணத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவன் பிழைப்புக்குச் செய்தான் என்று மாமா சொன்னாராம். என்னை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நான் வீட்டுக்குப் போனால் வா என்பார், ஃபேனைப் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விடுவார்.

போன தீபாவளிக்குப் போனபோதும் அப்படித்தான். அக்கா இலை போட்டாள். பொடி விஷயம் எனக்குத் தெரியாது என்று இன்னுமா மாமாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். குழம்பை ஊற்றிக்கொண்டே பதில் சொன்னாள்.

"ஒம்மேல கோவமா இருந்தா நீ வர்ற அன்னிக்கி மட்டுந்தாண்டா. எம்மேல திரும்புனா நான் தினமும் இந்த வூட்டுல இருக்கணும்."

சொல்லிவிட்டு இன்னொரு மீன் துண்டை எடுத்து வைத்தாள். அவள் தெரிந்தேதான் செய்கிறாள் என்பதை அதுவரைக்கும் நான் நினைத்துப் பார்த்ததில்லை. மாடியில் மாமா நடக்கிற சத்தம் கேட்டது. அவர் காதில் விழுகிற மாதிரி ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தேன். பிறகு சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு, போய்வருகிறேன் என்று படிக்கட்டுப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன்.