விளிம்பைப் பிடித்து வாங்கிய டம்ளர்

தம்பிக்குப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தோம். காபி கொடுத்த பெண்ணின் விரல்களில் நாலைந்து மருக்கள் இருந்தன. நான் டம்ளரை விளிம்பைப் பிடித்து வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தேன். தம்பிக்கு அவளைப் பிடித்திருந்தது. நான்தான், "கையில ஏதோ தொத்து வியாதி இருக்குலே, வேண்டாம்" என்று தடுத்தேன். தரகரிடமும் அதையே காரணமாகச் சொன்னேன்.

இரண்டு வருடம் கழித்து என் வலது கட்டைவிரலில் ஒரு மரு முளைத்தது. பிளேடால் சீவினேன், மற்ற விரல்களுக்கும் பரவியது. தம்பிதான் ராஜபாளையத்தில் தோல் டாக்டரிடம் பைக்கில் கூட்டிப்போனான்.

"சாதாரண வைரஸ்மா. நிறைய பேருக்கு வரும், பாதிப் பேருக்குத் தானாவே உதிர்ந்துரும். நீங்க சீவுனதாலதான் பரவிருச்சு. இந்த மருந்தை மரு மேல மட்டும் தினமும் வைங்க. துண்டைத் தனியா வச்சுக்கோங்க" என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் தம்பி கேட்டான்: "அந்தப் பிள்ளைக்கும் இதானாக்கா?"

"ஆமாலே."

எனக்கு அழுகைகூட வரவில்லை. உள்ளே எதுவுமே அசையவில்லை.

வீட்டில் இடது கையால் மருந்து வைக்கத் தெரியாமல் தடுமாறினேன். அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டான்.

"தொடாதலே, ஒட்டிக்கிடும்."

"ஒட்டுனா ஒட்டட்டும்க்கா" என்று ஒவ்வொன்றாக வைத்துவிட்டான்.

மூன்று மாதத்தில் என் மருக்கள் உதிர்ந்துவிட்டன. தரகரிடம் நான் சொன்ன வார்த்தை அதன் பிறகு எத்தனை வீட்டுக்குப் போனதோ, விசாரிக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.