தனியாக நடந்த பதினோரு நாள்

என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதை என் தம்பி "டிராப் பண்றது" என்று சொல்வான். "அக்காவ டிராப் பண்ணிட்டு வந்துடறேன்." அரிசி மூட்டையைப் பற்றிப் பேசும்போதும் இதே சொல்தான். எனக்கு நாற்பத்திரண்டு வயது. அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு சமூக அறிவியல் நடத்துகிறேன். சின்ன வயதில் இருட்டில் மட்டும் தடுமாறிய கண், முப்பது வயதுக்குள் பகலையும் விட்டுவிட்டது. பாடப்புத்தகத்தை போன் வாசித்துக் காட்டும். வருகைப் பதிவையும் அதிலேயே போட்டுவிடுவேன். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே உள்ள ஒன்றேகால் கிலோமீட்டர் மட்டும் தம்பியின் கையில் இருந்தது.

அவன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிப்பவர்கள் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். வீட்டிலேயே தறி போட்டு நெய்கிறான். காலையில் தறியை விட்டு எழுந்து, பைக்கை எடுத்து, என்னை விட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார வேண்டும். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் நான் விடுப்பு. மாகறலில் அவன் மச்சானுக்குக் கல்யாணம் என்றால் அன்றும் நான் விடுப்பு. பள்ளியில் என் விடுப்பு விண்ணப்பங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் அவனுடைய வாழ்க்கை வரலாறு கிடைக்கும்.

வழிகாட்டும் செயலியைத் தேட ஆரம்பித்தது அந்த எரிச்சலில்தான். எல்லோருடைய போனிலும் இருக்கிற வரைபடத்தை முதலில் முயன்று பார்த்தேன். அது கார் ஓட்டுகிறவர்களுக்கு ஆனது. "முந்நூறு மீட்டரில் வலப்புறம் திரும்பவும்" என்று சொல்லும். திரும்பினால் அங்கே சாக்கடையா சுவரா என்று சொல்லாது. கோயில் மதிலை ஒட்டி நடந்தபோது நான் குளத்துக்கு நடுவில் நிற்பதாக அது நினைத்துக்கொண்டது. கரையேறும் வழியையும் சொல்லவில்லை. பார்வையற்றோருக்கென்றே செய்தது என்று ஒன்றைச் சொன்னார்கள். ஐபோனில் மட்டும் ஓடுமாம். இன்னொன்றை இறக்கி, ஆறு நாள் பழகி, ஏழாம் நாள் திறந்தால் சேவை நிறுத்தப்பட்டது என்று ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவித்தது. நன்றியும் தெரிவித்தது. மரியாதைக்குக் குறைவில்லை.

கடைசியில் எனக்குச் சரிப்பட்டது ஒரு சின்னச் செயலி. என்னைப் போன்றவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் யாரோ குரல் பதிவில் சொன்னது. அதில் தெருப் பெயர்கள் ஒழுங்காக இல்லை, கடைகள் இல்லை. ஆனால் நாம் போகும் வழியில் நாமே நின்று நின்று இடங்களைக் குறித்துவைக்கலாம். ஒவ்வொரு இடத்துக்கும் நம் குரலிலேயே ஒரு குறிப்பைப் பதிந்துவைக்கலாம். அடுத்த முறை அந்த இடத்தை நெருங்கும்போது நம் குரல் நம் காதில் கேட்கும். எவனோ ஒரு இஞ்சினியர் எனக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொள்ளலாம். இதைக் கேட்ட அன்றைக்குச் சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இடங்களைக் குறிக்க ஒரே ஒரு முறை கண் தெரிந்தவர் யாராவது கூட நடக்க வேண்டும். தம்பியைக் கேட்டேன். "அமாவாசையன்னிக்கு வரேன்க்கா, அன்னிக்குத்தான் ஃப்ரீயா இருப்பேன்" என்றான். எங்கள் ஊரில் தறிக்கு அமாவாசைதான் விடுமுறை. அன்றைக்குக் காலையில் இரண்டு பேரும் நடந்தோம். வீட்டு வாசல், டிரான்ஸ்ஃபார்மர், என் கோலுக்குப் பயந்து குரைக்கும் நாய் படுக்கும் இடம், டீக்கடை, ஓரிக்கை பஸ் திரும்பும் முனை. எங்கள் தெருவுக்கு அடுத்து ஒரு நீளமான நெசவாளர் தெரு இருக்கிறது. அதன் பாதியில் கால்வாய் மூடி உடைந்து கிடந்தது. தம்பி கையைப் பிடித்து நிறுத்தினான்.

"இங்க ஸ்லாப் ஒடைஞ்சிருக்குதுக்கா. அந்தாண்ட சைடு போயிடு. தெரு காலியாத்தான் இருக்குது, நேராப் போலாம்."

நான் போனை வாயருகே வைத்து, "ஸ்லாப் உடைஞ்சிருக்கு. நடுவுல புகுந்து எதிர்ப்பக்கம் போ" என்று பதிந்துகொண்டேன். இரண்டு பேரும் நெசவாளி வீட்டில் பிறந்தவர்கள். தெரு ஏன் காலியாக இருக்கிறது என்று அவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

மறுநாளிலிருந்து தனியாகப் போனேன். அதைப் பெரிதாக வர்ணிக்க எனக்கு வராது. எட்டேகாலுக்கு வாசலைத் தாண்டினேன், எட்டே முக்காலுக்குப் பள்ளியில் இருந்தேன். டீக்கடையில் நின்று ஒரு டீ குடித்தேன். கூட ஆள் இல்லாமல், யாருக்கும் நேரமாகிறது என்ற பதற்றம் இல்லாமல் குடித்தேன். சாயங்காலம் நேராக வீட்டுக்கு வராமல் பூக்கடை வரைக்கும் போய் ஒரு முழம் கதம்பம் வாங்கினேன். அது யாருக்கும் தெரியாது. ஒரு மனுஷிக்கு வீட்டில் சொல்லாமல் செய்ய ஏதாவது ஒன்று வேண்டும். பதினோரு நாள் எனக்கு அது இருந்தது.

பன்னிரண்டாம் நாள் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு தொடங்கியது. ஏழு மணிக்கு. கேட்டு வாங்கிய வகுப்பு அது. மற்றவர்கள் அந்நேரத்துக்கு வர முடியாது என்று தயங்கியபோது நான் வருகிறேன் என்று கை தூக்கினேன். முன்பானால் தம்பியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று இழுத்திருப்பேன். ஆறே காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன்.

நெசவாளர் தெருவின் பாதியில் என் குரல் காதில் சொன்னது: "ஸ்லாப் உடைஞ்சிருக்கு. நடுவுல புகுந்து எதிர்ப்பக்கம் போ." புகுந்தேன். கோல் எதிலும் தட்டவில்லை. தரையைத் தடவும் கோலுக்கு இடுப்பு உயரத்தில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? தூரத்தில் யாரோ "ஏய், ஏய்" என்று கத்தினார்கள். மாட்டை விரட்டுகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த அடியில் வயிற்றில் ஈரமாக ஏதோ தொட்டது. கஞ்சி வாசனை வந்ததும் தெரிந்துவிட்டது. ஆனால் கால் நிற்பதற்குள் உடம்பு சாய்ந்துவிட்டது. பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் புடவைக்கான மொத்தப் பட்டு இழைகளையும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். எட்டு மணிக்குப் பிறகு அந்தத் தெருவில் அது இருக்காது. அமாவாசையன்றும் இருக்காது. ஆறரை மணிக்கு இருக்கும். பால் குடிக்கும் வயதிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம் இது.

கையை ஊன்றினேன். அதுதான் செய்யக் கூடாதது. விரலுக்குக் கீழே இழைகள் பட்பட்டென்று அறுந்தன. இழைகளைப் பிரித்துவைக்க நடுவில் செருகியிருந்த குச்சிகள் விழுந்தன.

பாவுக்காரர் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தார். "கண்ணு இன்னா பொடனிலயா இருக்குது? இத்தினி நீளத்துக்குக் கட்டிக் கெடக்கறது தெரியல?" என்று கத்தினார். அந்தக் கத்தல் எனக்குச் சரியாகத்தான் பட்டது. செய்த தப்புக்குக் கிடைக்க வேண்டிய திட்டு. அதற்குள் அவர் மனைவி உள்ளேயிருந்து வந்துவிட்டாள்.

"யோவ், சும்மா இரு. அந்த டீச்சரம்மாயா. கண்ணு தெரியாது."

அவ்வளவுதான். திட்டு நின்றுவிட்டது. அவர் குரலே மாறிப்போய்விட்டது. என்னிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டார்.

"கூட ஆளில்லாம எப்டி அனுப்பினாங்க? அந்தத் தம்பிக்கு அறிவு வாணாம்?"

"என்னை யாரும் அனுப்பலைங்க, நானா வந்தேன். தப்பு என்னுது. என்னைத் திட்டுங்க" என்றேன்.

"நீ இரும்மா. வந்து இப்டி ஒக்காரு" என்று அந்த அம்மாள் என் தோளைப் பிடித்து ஒரு படியில் உட்காரவைத்தாள். தம்பிக்குப் போன் போனது. பத்து நிமிடத்தில் வந்தான். என் பக்கம் வரவில்லை. நேராகப் பாவிடம் போனான். "அண்ணே, மன்னிச்சிக்கோங்கண்ணே, இனிமே பாத்துக்கறேன்" என்று என் சார்பில் மன்னிப்புக் கேட்டான். மூன்று பேரும் உட்கார்ந்து அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முனை தேடிப் பிணைக்க ஆரம்பித்தார்கள்.

அது எனக்கு வரும். பத்து வயதிலிருந்து அப்பாவின் தறியில் அதைச் செய்தவள் நான். கண் மங்கிய பிறகும் விரலாலேயே பிணைத்திருக்கிறேன். எழுந்து போய், "குடுங்க, நானும் பிணைக்கிறேன்" என்றேன்.

"வாணாம்க்கா. இருக்கறதையும் அறுத்துடப் போற" என்றான் தம்பி.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. பள்ளியில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்க, நான் படியில் உட்கார்ந்து மற்றவர்கள் என் தப்பைச் சரிசெய்யும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் யாரையும் மன்னிக்கப் போவதில்லை. என்னையும்தான்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கே தம்பி பைக்கை முறுக்கிக்கொண்டு வாசலில் நின்றான். முந்தின வாரம்தான் அவனே சொல்லியிருந்தான், காலையில் அந்நேரத்துக்கெல்லாம் தன்னால் முடியாது என்று.

நான் சும்மா இருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பாவுக்காரர் வீட்டுக்குப் போனேன். தம்பிதான் கொண்டுபோய் விட்டான், வேறு வழி? பாவு நீட்டும் நாளை முன்கூட்டிச் சொன்னால் அன்றைக்கு வேறு தெரு வழியாகப் போய்விடுவேன், அதையும் போனில் குறித்துக்கொள்வேன் என்றேன். என் நம்பரைக் கொடுத்தேன்.

"அதுக்கின்னாமா, சொல்லிட்டாப் போச்சு" என்றார் அவர். "ஒன் தம்பி நம்பரு எங்கிட்ட இருக்குது. தம்பிகிட்டயே சொல்லிடறேன்."

"எனக்குச் சொல்லுங்க. நடக்கறது நான்தானே."

"நீ எதுக்குமா கஷ்டப்பட்டுக்கினு" என்றார். நிஜமான அன்போடுதான் சொன்னார். அன்பு இல்லாமல் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

செய்தி அதற்குள் பள்ளிக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. திங்கட்கிழமை தலைமையாசிரியை கூப்பிட்டு உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, சிறப்பு வகுப்பை வேறொருவருக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். ரிஸ்க் வேண்டாம் டீச்சர் என்றார். பாவில் விழுந்த அன்று தாமதமாக வந்ததற்கு என்னிடம் விளக்கம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பைக் பஞ்சராகி ஒரு மணி நேரம் தாமதமாக வந்த கணக்கு ஆசிரியரிடம் போன மாதம் எழுத்தில் விளக்கம் வாங்கினார்கள். அவர் புலம்பிக்கொண்டே எழுதிக் கொடுத்தார். அவர்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் நாலேகாலுக்கு மணி அடித்தது. பாவு காலையில் மட்டும்தான். சாயங்காலத்தில் அந்தத் தெருவில் எந்த ஆபத்தும் இல்லை. செயலியைத் திறந்தேன். கோலை விரித்துக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். காவலுக்கு இருக்கும் அம்மாள் குறுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், ஒன்னியும் நெனச்சுக்காதீங்க. தம்பி வந்தாத்தான் உங்கள வுடணும்னு சொல்லிக்கிறாங்க."

"யாரு சொன்னது?"

"பெரிய டீச்சரும் சொன்னாங்க. ஒங்க தம்பியும் வந்து சொல்லிட்டுப் போனாரு."

எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு. "வரேன் டீச்சர்", "வரேன் டீச்சர்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தனியாக வெளியே போயின. அந்த அம்மாள் எந்தப் பிள்ளையையும் நிறுத்தவில்லை. என் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.