சைனப் மேட்ரன் சொன்ன பெயர்

பிரசவ வார்டின் வாசலில் சைனப் நின்றுவிட்டார். காலையில் வந்ததும் நேராக உள்ளே போகிற வழக்கம் அவருக்கு இல்லை. கைப்பை தோளில் தொங்க, தலையைச் சற்றே சாய்த்து, உள்ளே கேட்கும் குரல்களைக் காதில் வாங்குவார். அந்த அரசு மருத்துவமனையின் நர்ஸ்களில் யார் தலையெடுப்பாள் என்று அவர் கண்டுபிடிப்பது இப்படித்தான்.

"சத்தம் போடுறவள விடுங்க. எல்லாரும் பதறுறப்ப, 'அக்கா, இப்ப என்ன செய்ய?'னு யாருகிட்டப் போய்க் கேக்குறாங்க? அவதான் நாளைக்கு இன்சார்ஜ்" என்பார்.

சில வருடங்களாக அந்த அக்கா, முத்துமீனா. சமயநல்லூர்ப் பக்கம் நடவுக்கூலி வீட்டில் பிறந்து படித்து வந்தவள். ரத்தப்போக்கு நிற்காத ஒரு தாயைச் சுற்றி வார்டே அலறினாலும் இவள் குரல் மட்டும் இறங்கித்தான் ஒலிக்கும்.

மேட்ரன் அறை சைனப்புக்கு ஒட்டவில்லை. ஏ.சி. ஆகாது என்று சொல்லிக்கொள்வார். உள்ளுக்குள் அந்தக் கால வார்டு ஏக்கம். கண்ணாடி சிரிஞ்சுகள் கொதிக்கும் சத்தம், டெட்டாலோடு கலந்த மல்லிகை வாசம், பிள்ளையோடு வீடு திரும்பும் சோழவந்தான்காரர்கள் வேண்டாமென்றாலும் திணித்துவிட்டுப் போகும் வெற்றிலைக் கட்டு... பேச்சு அங்கே போய்விட்டால் எதிரே டீ ஆறிவிடும்.

அந்தப் பேச்சில் பழைய மேட்ரன் ராக்கம்மாள் வராமல் இருந்ததில்லை. சைனப்பைப் பெற்ற பிள்ளையாக வைத்திருந்தவர். மேல்படிப்பு, பயிற்சி என்று சைனப்பின் பெயர் அடிபட்ட போதெல்லாம், "நீ போயிட்டா என் வார்டு என்னடி ஆகும்?" என்று கையைப் பிடித்துக்கொள்வார். அந்தப் பிடி அப்போது இனித்தது. மேட்ரன் நாற்காலி சைனப்பிடம் வந்தபோது அவர் ஓய்வுக்கு அதிக வருடங்கள் மிச்சமில்லை.

போன மாதம் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நர்ஸ்களைத் தலைமைப் பொறுப்புக்குத் தயார்செய்ய, கோவையில் ஆறு மாதப் பயிற்சி. முடித்தவருக்கு வேறு ஊரில் பெரிய பொறுப்பு. ஒரே ஒரு பெயர் சொல்ல வேண்டும்.

செய்தி கேட்டு வார்டு டாக்டர் பாண்டிராஜ் ஓடி வந்தார். "மேடம், மீனாவ மட்டும் சொல்லிராதீங்க. இந்த வார்டு ஓடுறதே அவங்களாலதான்."

"எனக்கும் அந்தப் பயந்தான் டாக்டர்" என்றார் சைனப். வேறொரு பெயர் நுனிநாக்கு வரை வந்திருந்தது.

மறுநாள் முத்துமீனாவே அறைக்குள் வந்து நின்றாள். "நான் போகலக்கா. நீங்க ரிட்டையர் ஆகுறவரைக்கும் ஒங்ககூடவே இருந்துர்றேன்."

சைனப்பின் கை தானாக அவள் கையை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது.

"என்னயப் புடிச்சு வச்சவங்க எம்மேல உசுரையே வச்சிருந்தாங்க மீனா. அதனாலதான் இன்னைக்கு வரைக்கும் அவங்களக் கோவிச்சுக்கக்கூட முடியல. ஒனக்கும் அந்த நெலம வேணாம். கெளம்பு."

அவள் எதிரிலேயே சென்னைக்குப் போன் போட்டு, பெயரைச் சொன்னார்.

முத்துமீனா காளவாசலில் கோவை பஸ் ஏறிய அன்று காலையிலேயே வார்டில் இரண்டு பிரசவ வலி. இருந்த நர்ஸ்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

"இனி யாரு மேடம் பாக்குறது?" பாண்டிராஜ் குரலில் கோபம் இருந்தது.

சைனப் வளையல்களைக் கழற்றிப் பைக்குள் போட்டார். ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, குழாயைத் திறந்து, சோப்பை எடுத்தார்.